ஜமீனின் இடது காது

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் நாய்ப்பண்ணை வைத்திருந்த சொர்ணக்கிளிக்கு வயது நாற்பத்தொன்று. அவளிடம் தொழில் படிக்க வந்த வேலாயுதப்பெருமாளுக்கு ஐம்பத்தெட்டு. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். மீசையை முறுக்காமல் வாசல் தாண்ட மாட்டார். இருந்தாலும் குரு குருதானே? அவர் அவளைத் தாயி என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

மூன்று வருடம் கூண்டு கழுவினார், குட்டிகளுக்குக் கஞ்சி காய்ச்சினார், ராத்திரி பகல் பாராமல் பிரசவம் பார்த்தார். ஒரே ஒரு வேலை மட்டும் அவர் கைக்கு வரவில்லை. எந்தப் பெட்டைக்கு எந்தக் கடுவன் என்பதைச் சொர்ணக்கிளிதான் முடிவு செய்வாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

"தாயி, ஜோடி பொருத்துற வேலைய என்கிட்ட எப்போ விடுவீங்க?"

அந்த வாரம்தான் பவுனு பருவத்துக்கு வந்திருந்தாள். பண்ணையிலேயே உசத்தியான பெட்டை அவள். சொர்ணக்கிளி தண்ணீர் வாளியைக் கீழே வைத்தாள்.

"பவுனுக்கு யாரை நெனச்சு வச்சிருக்கீங்க?"

"ஜமீனை."

ஜமீன் அவர் வீட்டு நாய். பால் வெள்ளை நிறம், அகன்ற மார்பு, நின்றால் தெருவே ஒதுங்கும். மூன்று கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியவன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். ஜமீன் விஷயத்தில் ஊரிலுள்ள மற்றக் காக்கைகளும் அதையேதான் சொல்லின.

"சும்மா சொல்லலை தாயி. மூணு தலைமுறைக்கு ரெண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. பவுனுக்குக் கொஞ்சம் முன்கோபம், இவன் சாது. இடுப்பெலும்பு படம் எடுத்துப் பாத்தாச்சு, பழுதில்லை."

"நல்லது. காது?"

"கூப்பிட்ட குரலுக்கு ஓடி வாரானே!"

"ஒரு காது கேட்டாலும் ஓடி வருவான் அண்ணாச்சி. வெள்ளை நாயில அந்தக் குறை வரும், குட்டிக்கும் இறங்கும். ஜோடி சேக்க இன்னும் எட்டு நாள் இருக்கு. அவன் தூங்கும்போது பக்கத்துல போய் உக்காருங்க. ஒரு காது தரையில அமுங்கிக் கிடக்கும்போது தட்டைத் தட்டுங்க. கீழ போட்டுறாதீங்க, அதிர்வுல முழிச்சுக்கிடுவான். கையில பிடிச்சுத் தட்டணும். ரெண்டு பக்கமும் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

சுபேதாருக்குச் சுருக்கென்றது. ஜமீனைப் போய்ச் சந்தேகப்படுகிறாளே! ஆனாலும் உத்தரவு உத்தரவுதான். எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாகத் தினமும் மத்தியானம் நாய்க்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்தார்.

ஐந்து நாளும் ஜமீன் இடது பக்கமே ஒருக்களித்துப் படுத்தான். கரண்டி தட்டில் பட்டதோ இல்லையோ, துள்ளி எழுந்தான். இப்போதே போய்த் தாயியிடம் சொல்லிவிடலாமா என்று அவருக்குக் கால் பரபரத்தது. இரண்டு பக்கமும் என்றல்லவா சொல்லியிருக்கிறாள் என்று உட்கார்ந்துகொண்டார்.

ஆறாம் நாள் ஜமீன் இடது காது மேலே தெரிய வலது பக்கம் படுத்தான். அவர் தட்டினார். அவன் அசையவில்லை. ஓங்கித் தட்டினார். பக்கத்து வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. ஜமீன் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி!" என்றார் வேலாயுதப்பெருமாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சத்தம் கேட்டு மைத்துனன் அழகர்சாமி வந்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டான்.

"இதுக்கா அத்தான் இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க? ஜமீனோட குட்டி வேணும்னு எட்டுப் பேரு சொல்லி வச்சிருக்காங்க. இந்தக் காது விஷயம் உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். நாய் வித்த காசு குரைக்கவா போகுது? அந்தம்மாகிட்ட ரெண்டும் சரின்னு சொல்லிட்டுப் போங்க."

அவர் தட்டையும் கரண்டியையும் கொண்டுபோய் உள்ளே வைத்தார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வருட ஆசை. அதைவிட, ஜமீனுக்கு ஒரு குறை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டுமே என்ற அவமானம். படுத்தும் தூக்கம் வரவில்லை. ஜமீன் வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டான். அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஜமீனைக் குளிப்பாட்டிச் சீவிவிட்டு, கண்காட்சிக்குப் போடுகிற பட்டையைக் கழுத்தில் மாட்டி, பண்ணைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். மீசை முறுக்கியிருந்தது.

"இடது காது கேக்காது தாயி. பவுனுக்கு இவன் வேண்டாம்."

சொர்ணக்கிளி ஜமீனைப் பார்த்தாள். "அதான் ஒரு காது கேக்குதே?"

"இவனுக்கு அது போதும். ராஜாவாட்டம் இருந்துட்டுப் போவான். குட்டிக்கு ரெண்டு காதும் கேக்காமப் போச்சுன்னா? எவன் வீட்டு வாசல்லயோ, லாரி வாரது தெரியாம நடுரோட்டுல நிக்கும். அதை நான் கொடுத்ததா இருக்கக் கூடாது."

"எட்டுப் பேரு சொல்லி வச்சிருந்தாங்களே?"

"காலையில எட்டு வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

"ஜமீனுக்கு இடது காது கேக்காது. அதனால குட்டி கிடையாது. இவன் ஒருத்தன்தான், பாக்கணும்னா வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்கன்னு."

சொர்ணக்கிளி குனிந்து ஜமீனின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள். "ராசா" என்றாள். ஜமீன் வாலை ஆட்டினான்.

அவர் கேட்டார். "தாயி, உங்களுக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியாது. எல்லாக் கடுவனுக்கும் இதைத்தான் பாப்பேன். ரெண்டும் சரின்னு நீங்க சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

சுபேதார் தலையை ஆட்டிக்கொண்டார். கூண்டுக்குள் பவுனு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள். நாள் அதிகமில்லை.

"அப்போ பவுனுக்கு யாரு தாயி?"

"இனிமே அதை என்கிட்ட எதுக்கு அண்ணாச்சி கேக்கீங்க?" என்றாள் சொர்ணக்கிளி.