வெளிக்கிடச் சொன்ன சம்பந்தி

இந்தக் கதையில் வருகிறவர்கள் எல்லாரும் தங்கமானவர்கள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைக்காது.

தென்காசிப் பக்கம் நல்லபெருமாள் என்று ஒருவர். அவருடைய ஒரே மகள் செண்பகம், சென்னையில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பையனை விரும்பிவிட்டாள். பையன் யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவன் அப்பா பரராஜசிங்கம் சுவிட்சர்லாந்தில், ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே, ஒருத்தர் தும்மினால் ஊருக்கே கேட்கிற அமைதியான கிராமத்தில் ஹோட்டல் நடத்துகிறார். "பெண் வீட்டுக்காரரை ஒருக்கா இஞ்ச வந்து தங்கச் சொல்லு, பாப்பம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்குப் பிடித்தால்தான் கல்யாணம்.

வழியனுப்ப வந்த செண்பகம் அழாத குறைதான். "அப்பா, அவர் என்ன சொன்னாலும் மறுபேச்சுப் பேசாதீங்க. சொன்னதை அப்படியே செஞ்சிருங்க. எதிர்க்கேள்வி கேட்டீங்க, என் வாழ்க்கையே போச்சு!"

நல்லபெருமாளுக்கு மகள் என்றால் உயிர். மனைவி சொர்ணத்தாயிடமும் மச்சினன் கொம்பையாவிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விமானத்தில் காலை வைத்தார்.

பரராஜசிங்கம் வாசலுக்கே வந்து வரவேற்றார். அறையைக் காட்டினார். "குளிர் எண்டா இந்த ஹீட்டரைப் பாவியுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார். யாழ்ப்பாணத்தில் பாவிப்பது என்றால் பயன்படுத்துவது, அவ்வளவுதான். நம்ம ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனையில் இறங்கினார்கள்.

"பாவிக்கதுன்னா பாவனை பண்ணுதது அத்தான்," என்றான் கொம்பையா. மூவரில் அவன்தான் விவரமானவன். "பரதநாட்டியத்துல பூவே இல்லாம பூப் பறிக்காங்கல்லா, அது மாதிரி."

"அப்போ ஹீட்டரைப் போடக் கூடாதா?" என்று சொர்ணத்தாய் கேட்டாள்.

"போட்டுட்டா அப்புறம் என்னக்கா பாவனை?"

நியாயம்தானே! மூவரும் அணைந்து கிடந்த ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டிக் குளிர்காய்ந்தார்கள். பல்லு தந்தியடித்தது. "கொஞ்சம் தள்ளுங்க, எனக்கு அனலே வரலை," என்று சொர்ணத்தாய் புருஷனை இடித்தாள். "ரொம்பக் கிட்டப் போகாதக்கா, சேலை பத்திக்கிடும்," என்று கொம்பையா பதறினான். நல்லபெருமாள் மகளை நினைத்துக்கொண்டு, நடுங்குகிற கையால் நெற்றி வேர்வையைத் துடைத்தார். துடைக்க வேர்வை இல்லை, அதையும் பாவித்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. ரொட்டி, வெண்ணெய், மசித்த உருளைக்கிழங்கு என்று மேசை நிறையப் பரப்பிவிட்டு, "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றார் பரராஜசிங்கம். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று அர்த்தம். பாவம் மனுஷன், அதைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

"எந்த வடிவம்னு சொல்லலையே!" என்று நல்லபெருமாள் திகைத்தார்.

"கேக்கக் கூடாதுன்னு உங்க மக சொல்லியிருக்கா. ஆளுக்கொரு வடிவமாச் சாப்பிடுவோம்," என்றாள் சொர்ணத்தாய்.

அவர் ரொட்டியை ஓரம் ஓரமாகக் கடித்து வட்டமாக்கினார். அவள் முக்கோணம் போட்டாள். கொம்பையா கலைஞன் வேறு. உருளைக்கிழங்கை உருட்டி, நீட்டி, இரண்டு மிளகைக் கண்ணாக வைத்துப் பிள்ளையார் பிடித்துவிட்டான். ரொம்ப அழகான பிள்ளையார். அப்புறம்தான் கையில் கரண்டியோடு விழித்தான்.

"சாமியை எப்படி அத்தான் கடிக்கது?"

அவன் பட்டினியாகக் கும்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த பரராஜசிங்கம், நல்ல பக்தியுள்ள சனம் என்று நினைத்துக்கொண்டார்.

"நாளைக்கு மலை பாக்கப் போவம்," என்றார். "விடிய எழும்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு, கெதியா வெளிக்கிடுங்கோ."

சீக்கிரம் கிளம்புங்கள் என்கிறார் மனுஷன். அறைக்குள் போனதும் சொர்ணத்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. "கதின்னு வெளியே கிடக்கச் சொல்லுதாரே! நம்ம மேல என்ன கோவம்?"

"கோவமில்லக்கா, பரீட்சை," என்றான் கொம்பையா. "பெண்ணைக் குடுக்கவங்களுக்குப் பொறுமை இருக்கான்னு பாக்காரு."

நல்லபெருமாள் ஜன்னல் வழியாக முற்றத்துப் பனியைப் பார்த்தார். பனியில் கிடப்பதா, மகள் வாழ்க்கையா? இதில் யோசிக்க என்ன இருக்கிறது! விடிந்ததும் டீயைக் குடித்துவிட்டு மூவரும் ஹோட்டல் முற்றத்துப் பனியில் போய் நின்றார்கள்.

"மல்லாக்கவா, குப்புறவா?" என்றாள் சொர்ணத்தாய்.

"அதையும் சொல்லலையே. நீ மல்லாக்கக் கிட, நான் குப்புறக் கிடக்கேன், கொம்பையா ஒருச்சாய்ச்சுக் கிடக்கட்டும். ஏதாவது ஒண்ணு சரியா இருந்திராதா?"

கிடந்தார்கள். நாயோடு உலாவ வந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவர்களைப் பார்த்துப் போட்ட கூச்சலில், அந்த அமைதியான ஊரே எழுந்து வந்துவிட்டது. பரராஜசிங்கம் செருப்புக்கூட இல்லாமல் ஓடி வந்தார்.

"ஐயோ கடவுளே! ஏன் இதுக்குள்ள கிடக்கிறியள்?"

"நீங்கதான அண்ணாச்சி வெளியே கிடக்கச் சொன்னீங்க," என்றார் நல்லபெருமாள், வாயிலிருந்த பனியைத் துப்பிவிட்டு. "இன்னும் எவ்வளவு நேரம்னாலும் கிடக்கோம்."

பரராஜசிங்கம் கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. "நான் சொன்னதுக்காண்டியோ? என்ரை வீட்டிலை ஒருத்தரும் என்ரை சொல்லை ஒருநாளும் கேட்டதில்லை! நீங்கள் பனியிலையே படுத்திட்டியளே!"

மூவரையும் உள்ளே கூட்டிப்போய்க் கம்பளியால் சுற்றி, சாப்பாட்டுக் கூடத்துக் கணப்புக்கு முன்னால் உட்காரவைத்தார். இதுதான் சமயம் என்று நல்லபெருமாள் கைகூப்பினார்.

"அண்ணாச்சி, எங்க செண்பகத்தை உங்க வீட்டு மருமகளா ஏத்துக்கிடுவீங்களா?"

பரராஜசிங்கம் முகமெல்லாம் மலர்ந்து, "ஓம்!" என்றார்.

யாழ்ப்பாணத்தில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான் சொல்வார்கள்.

"பூசையை ஆரம்பிச்சிட்டாரு," என்று கிசுகிசுத்தான் கொம்பையா. மூவரும் சட்டென்று சம்மணம் போட்டுக் கண்ணை மூடி, "ஓ...ம்" என்று இழுத்தார்கள்.

"ஓம் அண்ணை! ஓம் எண்டுதானே சொல்லுறன்!"

"ஓ...ம்!"

பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யோகா வகுப்பு இலவசம் போலிருக்கிறது என்று ஷூவைக் கழற்றிவிட்டு அவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். ஹோட்டல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. பரராஜசிங்கம் தொண்டை கிழியக் கத்தினார்: "ஓம்! ஓம்! ஓம்!"

நல்லபெருமாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, மனைவியின் காதோரம் கவலையோடு சொன்னார்:

"சாமி பக்தியெல்லாம் சரிதான் சொர்ணம். ஆனா கல்யாணப் பேச்சை எடுத்தா மட்டும் மனுஷன் பிடி குடுக்க மாட்டேங்காரே!"