திரட்டுப்பால் தந்த கனவு

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள். ராஜா கண்ட கனவுக்கும் விசாரணை நடந்த காலம். மார்த்தாண்டராஜன் அவையில் பிச்சாண்டி என்றொரு விகடகவி இருந்தான். ஒருநாள் காலை கண்கள் கோவைப்பழமாய்ச் சிவந்து வந்த ராஜா, சிம்மாசனத்தில் உட்காரும் முன்பே உறுமினார்.

"பிச்சாண்டி! எட்டு நாளாக என் கனவில் வருகிறாய். என் கிரீடத்தைக் கவிழ்த்துப்போட்டு அதில் மோர் கடைகிறாய். இன்றும் வந்தால், நாளைக்கே உன்னை நாடு கடத்துவேன்!"

பிச்சாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போன வாரம்தான் வீட்டுக்குப் புதுக்கூரை வேய்ந்திருந்தான். அடுத்தவர் கனவுக்குள் போகாமல் தன்னை எப்படிக் கட்டிப்போடுவது? எதிரே கோசாலைத் தலைவர் வில்வநாதர் மீசைக்குள் சிரித்தார். பிச்சாண்டி பேச்சுக்கு ராஜா சிரித்தாலே அவருக்கு வயிறு எரியும்.

"மன்னர் மன்னா, எட்டு நாளாகத் தங்கள் உணவில் புதிதாக ஏதேனும் சேர்ந்ததோ?" என்று கேட்டான் பிச்சாண்டி.

"வில்வநாதர் அனுப்பும் திரட்டுப்பால். படுக்கும் முன் பெரிய கிண்ணம் நிறைய. ஆகா, என்ன ருசி!"

பிச்சாண்டிக்குப் பிடி கிடைத்துவிட்டது. "பிரபு, காவலைத் தாண்டி யாரும் உள்ளே நுழையக்கூடாது என்பது தங்கள் சட்டம். கனவுப் பிச்சாண்டி நுழையும் வாசலுக்கு இன்று என்னையே காவல் வையுங்கள்."

ராஜா சம்மதித்தார். பொழுது சாய்ந்து அவர் சாப்பிட உட்கார்ந்தால், ஈட்டியும் கையுமாகப் பிச்சாண்டி அவர் வாய்க்கு எதிரே நிற்கிறான்! சோறு போயிற்று, ரசம் போயிற்று. கிண்ணத்தோடு வில்வநாதர் வந்ததும் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

"நில்லும்! இதில் ஏறித்தான் அந்தப் போக்கிரி உள்ளே வருகிறான்."

"பாலையா பழிக்கிறாய்? பால் குடித்தால் தூக்கம் வருமென்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும்!" என்று சீறினார் வில்வநாதர்.

"ஒரு குவளைப் பால் தூங்கவைக்கும் ஐயா. பத்துப் படிப் பாலைச் சுண்டவைத்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து இறக்கினால் வயிறு எப்படித் தூங்கும்? வயிறு விழித்திருந்தால் ராஜா எப்படித் தூங்குவார்? சந்தேகமென்றால் நீங்களே சாப்பிட்டுப் பாருங்கள்."

வீறாப்பில் வில்வநாதர் அங்கேயே கிண்ணத்தை வழித்து விழுங்கினார்.

மறுநாள் ராஜா வெயில் ஏறியபின் எழுந்து, முகம் மலர அவைக்கு வந்தார். கனவே இல்லை. ராத்திரியெல்லாம் புரண்டு கிடந்த வில்வநாதரோ தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கி வழிந்தார். திடீரென்று அவர் வாய் முணுமுணுத்தது.

"ஹை... ஹை... மன்னா, உதைக்காதே! ஆடாம நில்லு, இன்னும் ரெண்டு படி கறக்கணும்..."

ராஜாவின் கை வாளுக்குப் போயிற்று. பிச்சாண்டி ஓடிவந்து குறுக்கே நின்றான்.

"பொறுங்கள் பிரபு! இது அவர் குற்றமில்லை, கிண்ணத்தின் குற்றம்."

ராஜாவுக்குத் தன் எட்டு நாள் கனவு நினைவுக்கு வந்தது. அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். "யாரையாவது நாடு கடத்தியாக வேண்டுமே! சரி, ராத்திரித் திரட்டுப்பாலை அரண்மனையைவிட்டே கடத்துகிறேன்."

"பாவம், அதற்குப் போக்கிடம் ஏது பிரபு? என் வீட்டுக்கு அனுப்புங்கள். பகல் வேளையில் நான் அதைக் கவனித்துக்கொள்கிறேன்."

ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். தினமும் காலையில் அவன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போயிற்று. சுமந்து போனவர் வில்வநாதர்.