கரைக்குக் கீழே ஒரு விருந்து

மழை மேகத்தைக் கண்டால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் ஊர் ஒன்று இருந்தது, கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னால், வச்சிரபாகு என்ற மன்னன் ஆண்ட நாட்டில், தாழைக்குடி என்று அதற்குப் பேர்.

ஊருக்கு மேலே கடல் மாதிரி ஓர் ஏரி. ஏரிக்கும் ஊருக்கும் நடுவே ஒரே ஒரு மண்கரை. கரை நின்றால் ஊர் நிற்கும். கரை போனால் ஊர் போகும். இதில் விளக்கிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

அந்த ஊரில் கொம்பையன் என்று ஒரு மாட்டுத் தரகன். அப்பன் அவனுக்கு விட்டுப்போனது ஒரு சாட்டைக்குச்சி மட்டும்தான். மற்றதெல்லாம் அடிபட்டும் உதைபட்டும் தன் வாயால் சம்பாதித்தது. மூக்குக்கு மேலே கோபம் வரும் அவனுக்கு. ஆனால் சந்தையில் நின்று தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை அவன் கையில் எடுத்தால், பேரம் படிந்தது என்றே சனங்கள் எண்ணிக்கொள்வார்கள்.

அவனுக்கு ஒரே மகள், வெள்ளையம்மா. நிறைமாதம். படுத்த இடத்தைவிட்டு அவளை அசைக்கக் கூடாது என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அவள் படுத்திருந்த வீடு கரைக்கு நேர் கீழே.

புரட்டாசிக் கடைசியில் கரையின் அடியில் தண்ணீர் கசிந்தது. முதலில் தெளிந்த தண்ணீர். ஊர் பொறுத்துக்கொண்டது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் அது கரைக்கு வியர்வை. பிறகு ஒரு காலையில் தண்ணீர் கலங்கி வந்தது. கலங்கி வந்தால் கரையின் குடல் கரைந்து வெளியே வருகிறது என்று அர்த்தம். கரைக்குக் கீழே பிறந்த எந்தக் குழந்தைக்கும் அது தெரியும்.

ஊர் கூடி, கொம்பையனை முன்னால் விட்டு, அரண்மனைக்கு ஓடியது.

அரண்மனையில் என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா? தலைநகரின் வாசலில் வெற்றி வளைவு எழும்பிக்கொண்டிருந்தது. எந்தப் போரின் வெற்றி என்று யாருக்கும் தெரியாது. வச்சிரபாகு பிறந்த நாளிலிருந்து அந்த நாட்டில் போரே நடக்கவில்லை. ஆனாலும் மலையிலிருந்து கல் வந்தது. கல்லில் மன்னன் முகம் வந்தது. நாட்டில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த கையெல்லாம் அங்கேதான் இருந்தது.

முதல் தடவை போனபோது, தலைமை மந்திரி நயனப்பர் வளைவு முடியட்டும், பார்க்கலாம் என்றார்.

இரண்டாம் தடவை போனபோது ஆட்களை அனுப்பினார். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. வந்தவர்கள் கையில் கூடையும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. சுண்ணாம்பும் காவியும் வைத்திருந்தார்கள். வளைவு திறப்பு விழாவுக்கு அண்டை நாட்டு அரசர்கள் அந்தப் பாதையாக வருகிறார்களாம். கரைக்குப் பட்டை பட்டையாக வெள்ளையும் காவியும் அடித்து, கசிகிற இடத்தில் பச்சைத் திரை கட்டி, இரண்டு பக்கமும் வாழை மரம் நட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாழை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. அதற்குத்தான் தண்ணீருக்குக் குறைவில்லையே.

மூன்றாம் தடவை அவர்கள் போகவில்லை. பறை அவர்களைத் தேடி வந்தது. விழா முடியும்வரை கசிவு என்ற சொல்லை யார் வாயில் எடுத்தாலும் ராஜ துரோகம். மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு யார் கிளம்பினாலும் அதுவும் ராஜ துரோகம். ஏன் போகிறீர்கள் என்று விருந்தாளி கேட்டுவிடுவான் அல்லவா?

ஏரியில் வலைபோடும் செம்பன் மட்டும், "சொல்லாவிட்டால் தண்ணீர் நின்றுவிடுமா?" என்று பறையடித்தவனிடமே கேட்டான். அன்றே வீரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் வலை கரையில் காய்ந்தபடியே கிடந்தது. எடுத்து வைக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு தாழைக்குடியில் யாரும் உரக்கப் பேசவில்லை. குழந்தைகள் ஓடி விளையாடவில்லை. பெண்கள் அம்மியில் அரைத்துக்கொண்டே பாதியில் கையை நிறுத்திக் காது கொடுத்தார்கள். தரைக்கு அடியில் ஒரு சத்தம் கேட்டது. பாம்பு சீறுகிற மாதிரி இருக்கும். நின்றுவிடும். மறுபடி தொடங்கும்.

"அப்பா, பாயில் காது வைத்தால் கேட்கிறது" என்றாள் வெள்ளையம்மா. "உனக்குக் கேட்கிறதா?"

கேட்கவில்லை என்று பொய் சொன்னான் கொம்பையன். வாழ்க்கையில் எத்தனையோ கிழட்டு மாட்டை இளங்கன்று என்று விற்றவன். அந்த ஒரு பொய்யை மட்டும் அவனால் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது சந்தைக்கு வாருங்கள்.

அந்த நாட்டு மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. தரகனும் வாங்குகிறவனும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, விரலால் பேசுவார்கள். ஒரு விரல் பிடித்தால் ஒரு விலை, ஐந்தும் பிடித்தால் ஒரு விலை. மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்தால், நீ கேட்பதே விலை, நான் கட்டுப்பட்டேன் என்று பொருள். துண்டை உதறியபின் தரகன் வாயில் வருவதுதான் முடிவு. அதை மறுத்தவன் அப்புறம் சந்தையில் கால் வைக்க முடியாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் வச்சிரபாகுவின் பாட்டனார். சந்தை வாசலில் கல்லில் வெட்டியும் வைத்திருந்தார்.

வச்சிரபாகுவுக்குக் காளைகள் மேல் ஒரு பித்து. விழா ஊர்வலத்தில் முன்னால் நடக்க சாம்பலும் வெள்ளையும் கலந்த மயிலைக் காளை ஒன்று வேண்டும், அதையும் தானே துண்டு போட்டுப் பேசி வாங்க வேண்டும் என்று ஆசை. அண்டை நாட்டு அரசர்கள் முன்னதாகவே அனுப்பியிருந்த தூதர்களையும் அழைத்துக்கொண்டு, நயனப்பர் பின்னால் வர, சந்தைக்குள் நுழைந்தான். நாட்டிலேயே சிறந்த மயிலை கொம்பையன் கையில் இருந்தது. அது அவனுடைய சொந்தக் காளை.

அன்று காலை வீட்டைவிட்டுக் கிளம்பும்போது கொம்பையன் பச்சைத் திரைக்குப் பின்னால் போய், கசிவு வாயிலிருந்து ஒரு பிடி சேறு அள்ளி, ஈரத் துணியில் பொதிந்து மடியில் வைத்திருந்தான். சொல்லக் கூடாது என்றுதானே பறை அடித்தார்கள்? காட்டக் கூடாது என்று அடிக்கவில்லையே. இருந்தாலும் மடியை ஒரு கையால் மூடியபடியே நின்றான். செம்பனைக் கொண்டுபோன வீரர்கள் நாலடி தள்ளித்தான் நின்றார்கள்.

மன்னன் கையை நீட்டினான். கொம்பையன் சிவப்புத் துண்டைப் போட்டு மூடினான். மூடிய துண்டுக்குள், அந்தச் சேற்றை மன்னன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான்.

கை திடுக்கிடும் என்று பார்த்தான். கேள்வி கேட்கும் என்று பார்த்தான். அந்தக் கை ஒன்றும் செய்யவில்லை. சேற்றை நிதானமாகக் கீழே நழுவவிட்டுவிட்டு, அவனுடைய ஒரு விரலைப் பிடித்தது.

கொம்பையனுக்கு எல்லாம் விளங்கியது அங்கேதான். மன்னனுக்குத் தெரியும். முன்னாலேயே தெரியும். தெரிந்துதான் திரை கட்டச் சொன்னான். இப்போது அவன் விலை பேசுவது காளைக்கு அல்ல, கொம்பையனின் வாய்க்கு.

கொம்பையன் விரலை உருவிக்கொண்டான். மன்னன் ஐந்து விரலையும் பிடித்தான். அதையும் உருவிக்கொண்டான். தூதர்கள் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீரர்களைக் கூப்பிட்டு இவனைப் பிடிக்கச் சொன்னால் அந்தத் தூதர்கள் காரணம் கேட்பார்கள். மன்னனின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. முகத்தில் சிரிப்பு மாறாமலே, துண்டுக்குள் கொம்பையனின் மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்தான்.

நீ கேட்பதே விலை.

வயல் கேட்கலாம். வீடு கேட்கலாம். மேட்டு நிலத்தில் மகளுக்கு ஒரு மாளிகையே கேட்கலாம். மனம் அந்தப் பக்கம் போகத்தான் செய்தது, பொய் சொல்வானேன். ஆனால் கரை போகிற அன்று ஊரில் தன் ஒரு வீடு மட்டும் மிச்சம் என்றால், அந்த வீட்டில் உட்கார்ந்து யாரிடம் பேசுவது?

துண்டை உதறினான்.

"சபையோரே, பேரம் முடிந்தது" என்றான். குரல் நடுங்கியதைப் பணிவு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். "ராஜா மணிக்கட்டைப் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்குப் பொன் வேண்டாம். ராஜாவும் ராணியாரும் குழந்தைகளும், மந்திரிமார் எல்லாரும் தங்கள் குடும்பத்தோடு, நாளை முதல் விழா முடியும்வரை எங்கள் தாழைக்குடியில், கரை ஓரம், எங்கள் விருந்தாளியாகத் தங்க வேண்டும். அதுதான் என் மயிலைக்கு விலை."

ஆகா, என்ன விசுவாசமான குடிமகன் என்று தூதர்கள் கை தட்டினார்கள். தாங்களும் விருந்துக்கு வருவதாகச் சொன்னார்கள். மன்னன் முகம் சுண்ணாம்பு ஆகிவிட்டது. நயனப்பர் கொம்பையனின் காதருகே குனிந்து, "உன் தலை கழுத்தில் நிற்காதுடா" என்றார்.

"நிற்கும்வரை உங்களோடுதான் இருக்கும், ஐயா. உங்களுக்கும் அங்கேதான் பாய்."

அன்று பொழுது சாய்வதற்குள் வளைவு வேலை நின்றது. மண்வெட்டி பிடித்த கையெல்லாம் தாழைக்குடிக்கு வந்தது. கூடை வந்தது, களிமண் வந்தது, மூங்கிலும் வைக்கோலும் வண்டி வண்டியாக வந்தன. கேட்டால், ராஜா தங்குவதற்காகக் கரைக்கு அலங்காரம் செய்கிறோம் என்றார்கள். சட்டம் இருக்கிறதே, அந்தச் சொல்லை அவர்களும் சொல்லக் கூடாதல்லவா?

மறுநாள் வானம் கருத்துக்கொண்டு வந்தது. நண்பகலில் பந்தி. ராணியும் இளவரசியும் மந்திரி குடும்பங்களும் தூதர்களும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இலையில் சோறு விழுந்தது. கூரையில் மழை விழுந்தது. கரைமேல் ஆட்கள் கத்திக்கொண்டே ஓடுவது கேட்டது.

அப்போது இலையில் ஊற்றிய ரசம் தானாக நடுங்கியது.

தரைக்கு அடியிலிருந்து அந்தச் சீறல் எழுந்தது. குட்டி இளவரசி ராணியின் மடிக்குள் புகுந்துகொண்டாள். மன்னன் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை.

"அது என்ன சத்தம்?" என்றான்.

"நாங்கள் தினமும் கேட்கிற சத்தம்தான், ராஜா" என்றான் கொம்பையன்.

கரைமேலிருந்து ஒருவன் உருண்டு புரண்டு ஓடிவந்தான். கரையடி ஓட்டை விரிந்துவிட்டது, கொட்டுகிற மண்ணையெல்லாம் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிறது, மண் நிற்காது, கல் வேண்டும் என்றான். அந்தச் சமவெளியில் கல்லுக்கு எங்கே போவது? நயனப்பர் இலையை மிதித்துக்கொண்டு எழுந்தார். பல்லக்கு, பல்லக்கு என்று கத்தினார். பல்லக்குத் தூக்குகிறவர்கள் எல்லாரும் கரையில் கூடை தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வீட்டுக்குள்ளிருந்து வெள்ளையம்மாவின் அலறல் கேட்டது. வலி எடுத்துவிட்டது. அவளை அசைக்க முடியாது. கொம்பையன் அந்த வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டான். அவனால் ஓட முடியாது.

மன்னனும் ஓடவில்லை. எழுந்து வந்து, கரையைப் பார்த்தான், ராணியின் மடியில் இருந்த தன் மகளைப் பார்த்தான். பிறகு துண்டு இல்லாமல், எல்லோரும் பார்க்க, கொம்பையனின் மணிக்கட்டைச் சேர்த்துப் பிடித்தான்.  

"கேள்" என்றான்.

"வளைவு" என்றான் கொம்பையன். "அந்தக் கல் அத்தனையும்."

பக்கத்திலேயே இருந்த தலைநகருக்கு வண்டிகள் பறந்தன. நாட்டில் எருது வைத்திருந்தவன் ஒவ்வொருவனும் ஓட்டினான். மயிலைக் காளை முதல் வண்டியில் பூட்டப்பட்டது. கல் வரவர உருட்டிவிட்டார்கள். தூண் போனது, தூண்தலைப் போதிகை போனது, மன்னன் முகம் செதுக்கிய கல் சேற்றுக்குள் தலைகீழாகப் போனது. பட்டு வேட்டியைக் கோவணமாக இழுத்துக் கட்டிக்கொண்டு நயனப்பர் கூடை சுமந்தார். மன்னன் இடுப்பளவு தண்ணீரில் நின்றான். வளைவின் கடைசிக் கல்லும் உள்ளே இறங்கியதும் சீறல் குறைந்தது. மேலே களிமண் விழுந்தது. பிறகு வெறும் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த மழைச் சத்தத்துக்கு நடுவே ஒரு குழந்தை அழுதது.

கொம்பையன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.  தரையில் காது வைத்துப் பார்த்தான். ஒன்றும் இல்லை. நம்பிக்கை வராமல் மறுபடியும் வைத்துப் பார்த்தான்.

செம்பன் சிறையிலிருந்து திரும்பி வந்து வலையை எடுத்துக்கொண்டான். பறை மறுபடி வந்தது. இந்தத் தடவை, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் மந்திரி யாராக இருந்தாலும் அவர் வீடு கரைக்கு நேர் கீழேதான் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. நயனப்பர்தான் முதலில் குடிவந்தார். தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்று விடிந்ததும் கரையடியில் போய்ப் பார்க்கும் முதல் ஆள் அதற்குப் பிறகு அவர்தான். ஆனாலும் தாழைக்குடிக்காரர்கள் அவருக்குப் பின்னாலேயே போய்த் தாங்களும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: ஆளுகிறவன் தன் குழந்தையையும் நம்மோடு கரைக்குக் கீழே படுக்கவைக்கும்வரை, நம் ஆபத்து அவன் கண்ணுக்கு ஆபத்தாகத் தெரிவதில்லை.