நெடுங்காலனின் புதுப்பாட்டு

கரட்டுக் குளத்தின் கரையில் நெடுங்காலன் என்று ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. குளத்துக்கு அதுதான் காவல். கீரி தலை தெரிந்தால் போதும், "கீரி! கீரி! ஓடு!" என்று கத்தும். முயல் புதருக்குள் பாயும், தவளை தண்ணீருக்குள் குதிக்கும். கத்திக் கத்தி நெடுங்காலனுக்கு அலுத்துப் போயிற்று. "இதெல்லாம் ஒரு பாட்டா? கேட்கவே நாராசமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, புதிதாக ஓர் எச்சரிக்கைப் பாட்டை எழுத உட்கார்ந்தது.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம். யார் எதை எழுதினாலும் மருத மரத்தடிக் கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் குறை நிறை சொல்வார்கள். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. நெடுங்காலனின் பாட்டு தேறிவிட்டால், மறுநாளிலிருந்து கரை முழுக்க அதுதான் எச்சரிக்கை.

நெடுங்காலன் மார்பை நிமிர்த்திக்கொண்டு படித்தது.

"பொன்மணற் பரப்பில் பொழுது சாய்கையில்,
புல்லிடைப் புகுந்து, பூவினை நுகர்ந்து,
மென்னடை பயின்று மெல்லென வருமே..."

இப்படியே போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. முடிந்தபோது, கூட்டத்தை நடத்தும் தவளையார் பாதித் தூக்கத்தில் இருந்தார்.

"அடடா, என்ன தமிழ், என்ன தமிழ்!" என்றது கிளி. நெடுங்காலனின் கழுத்து இன்னும் கொஞ்சம் நீண்டது.

முயல் வெள்ளச்சி அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. அது கேட்டது: "அண்ணே, இதுல கீரி எங்கே வருது?"

"கடைசி வரியில. அங்கே வச்சாத்தானே அழகு..."

"நீ வாய் திறக்கக் கூடாது" என்றார் தவளையார்.

"கடைசி வரி வர்றதுக்குள்ள என் குட்டி அது வயித்துக்குள்ள போயிருக்குமேண்ணே" என்றது வெள்ளச்சி. "அதுவும் வர்றது கீரியா, மாப்பிள்ளையான்னே தெரியலை. பூவெல்லாம் மோந்துக்கிட்டு வருது. எதிர்ல போய் வாங்கன்னு கூப்பிடலாம் போல இருக்கு."

கூட்டம் சிரித்தது. கிளியும் சேர்ந்து சிரித்தது. அதைத்தான் நெடுங்காலனால் தாங்க முடியவில்லை. அவமானத்தில் உடம்பெல்லாம் சுட்டது. 'குட்டி போடுறவளுக்குக் கவிதையைப் பத்தி என்ன தெரியும்?' என்று மனதுக்குள் கறுவியது. வெளியே சொல்ல வழியில்லை. முகத்தைத் திருப்பி வேறு பக்கம் பார்த்தது.

அந்தப் பக்கம்தான் அதன் கூடு. கூடென்ன கூடு, கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு சின்னப் பள்ளம், அதில் முட்டைகள். பெண்குருவி இரை பொறுக்கத் தண்ணீரோரம் போயிருந்தது. பள்ளத்துப் பக்கமாகப் புல் அசைந்தது. புல்லுக்கு மேலே ஒரு பழுப்பு வால் தெரிந்தது.

"கீரி! கீரி! ஓடு!"

கத்தியது தன் தொண்டைதானா என்று நெடுங்காலனுக்கே தெரியவில்லை. வாய் திறக்காதே என்று சொல்லத் தவளையாரும் அங்கே இல்லை. அவர் ஏற்கெனவே தண்ணீருக்குள் இருந்தார். பெண்குருவி பறந்து வந்து கீரியின் மண்டையில் கொத்தியது. நெடுங்காலனும் பாய்ந்தது. இரண்டும் கொத்திய கொத்தில் கீரி வந்த வழியே ஓடிப்போனது. முட்டைகள் தப்பின.

கூட்டம் மறுபடி கூடியது. "எங்கே விட்டோம்?" என்றார் தவளையார். வெள்ளச்சிதான் தயங்கித் தயங்கிக் கேட்டது. குரலில் கேலி இல்லை.

"அண்ணே, உங்க முட்டைக்கு ஆபத்துன்னதும் உங்க புதுப்பாட்டு உங்க வாயிலேயே வரலையே?"

"இப்போ நீ பேசலாம்" என்றார் தவளையார்.

நெடுங்காலன் திரும்பித் தன் கூட்டைப் பார்த்தது. 'என் முட்டைக்கு அந்தப் பழைய கத்தல். இவள் குட்டிக்கு மட்டும் என் பூவும் பொன்மணலுமா?' நினைக்க நினைக்க அதற்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நீண்ட கால்களை மடக்கி மணலில் உட்கார்ந்தது. தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. கிளி பக்கத்தில் வந்து "இருந்தாலும் நல்ல தமிழ்" என்று சொன்னபோதும் நிமிரவில்லை.

பிள்ளைகளே, நாம் எழுதியது யாருக்காகவோ, அவர்கள் சொல்லும் குறை நம்மைக் கூச வைத்தாலும், கிளியின் புகழ்ச்சியை விட்டுவிட்டு அதைத்தான் காதில் வாங்க வேண்டும்.