உப்பு வண்டி ஏறிய ஏரிக்கரை

முன்னொரு காலத்தில் செங்கழனி நாட்டை அதிரவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்ன ஆண்டான், சிம்மாசனத்தில் சேர்ந்தாற்போல் ஒரு நாழிகை உட்கார மாட்டான்! காலையில் போட்ட கட்டளையை மத்தியானம் மாற்றுவான். அவனோடு மல்லுக்கட்டியே மந்திரி நாகமாறருக்குத் தலை நரைத்துவிட்டது.

பக்கத்திலே முள்ளிநாடு, பரம ஏழை நாடு. அங்கிருந்த ஒரே பெரிய ஏரி உடைந்து மூன்று வருஷம். ராஜா வருஷா வருஷம் இலவசமாக அரிசி அனுப்புவான். தின்று தீர்ந்ததும் அவர்கள் மறுபடி வாசலில் வந்து நிற்பார்கள்.

"கரையைக் கட்டிக் கொடுத்தால் அவர்களே விளைத்துக்கொள்வார்கள், மகாராஜா. மழைக்கு இன்னும் அறுபது நாள்தான்" என்றார் மந்திரி.

பொக்கிஷதாரர் வெண்காடருக்கு மந்திரியைக் கண்டாலே ஆகாது. "கஜானாவைத் தொடாமல், யாரிடமும் தானம் வாங்காமல் கட்டட்டுமே! முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைக்கட்டும்!"

"பலே! அப்படியே ஆகட்டும்!" என்று ராஜா கைதட்டினான்.

மந்திரி நிபந்தனையை ஏற்றுக்கொண்டார். மோதிரம் கிடக்கட்டும், முள்ளிநாட்டில் சனங்கள் சட்டிபானையைக் கட்டிக்கொண்டு கிளம்புவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். இந்த மழையும் ஓடிப்போனால் அங்கே ஆளே இருக்காது.

உப்பு வணிகர்களை ஏரி உடைப்புக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். "நன்கொடை கேட்பார், மடியைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று வெண்காடர் முன்கூட்டியே ஓதிவிட்டார்.

வணிகர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு வண்டியில் வந்துசேர ஐந்து நாள் ஆயிற்று. வழியில் இரண்டு அச்சு முறிந்தது. மந்திரியோ வண்டி இறங்க முடியாத உடைப்புப் பள்ளத்தில் இறங்கி ஏறி, நடந்தே அரை நாளில் வந்து, ஹாயாக மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனய்யா எங்களை இப்படி இழுத்தடிக்கிறீர்?" என்று சீறினார் தலைவர் வயிரவர் செட்டியார்.

"நானா? இந்தப் பள்ளமல்லவா இழுத்தடிக்கிறது! மலையைச் சுற்றிக் கடற்கரைக்கு மாதம் எத்தனை நடை போகிறீர்கள்?"

செட்டியார் வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். முகம் மாறியது. "கரையை இரண்டு வண்டி அகலத்துக்குக் கட்டினால், மலையைச் சுற்றவே வேண்டாமே..."

"தடம் உங்களுக்கு, தண்ணீர் முள்ளிநாட்டுக்கு. நீங்கள் கொடுக்கும் கூலியும் அவர்களுக்குத்தான். சம்மதமா?"

"சம்மதம்!"

மண் விழ ஆரம்பித்தது. ராஜாவுக்கோ இருப்புக் கொள்ளவில்லை. "கரை எழும்பிவிட்டதா? மேகம் கறுக்கிறதே!" என்று நாளுக்கு நாலு தூதன் அனுப்பினான். மந்திரி சரியாகத் தூங்கவே இல்லை. கடைசிக் கூடை மண் விழுந்த மறுநாள் மழை கொட்டியது. கரை நின்றது!

பார்க்க வந்த ராஜாவின் காதில் வெண்காடர் ஓதினார்: "இது தர்மமா, மகாராஜா? வணிகர்கள் சொந்த லாபத்துக்கல்லவா கட்டினார்கள்!"

"ஆமாம்" என்றார் மந்திரி. "இரக்கப்பட்டுக் கட்டியவர் மறந்துபோவார். வண்டி ஓட்டுகிறவர் ஒரு குழி விழுந்தாலும் ஓடிவந்து மண் போடுவார்."

கரைமேல் வரிசையாக வண்டிகள் வந்துகொண்டிருந்தன; ராஜா முன்னால் வந்த வண்டிக்காரனை நிறுத்தினான். "முன்னால் வரும் இந்தப் பத்து வண்டி யாருடையதப்பா?"

"நம்ம வெண்காடர் ஐயாவோடதுங்க. முந்திப் போய் இடம்பிடிக்கச் சொன்னாருங்க."

கரையே குலுங்கச் சிரித்தது. "அப்படியா சேதி, வெண்காடரே! இனிமேல் கரையில் விழும் முதல் குழிக்கு மண் சுமப்பது நீர்தான்!" என்றான் ராஜா. வெண்காடர் தலையைத் தொங்கப்போட்டார். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான்.

தை பிறந்தது. அரண்மனை வாசலில் மறுபடியும் முள்ளிநாட்டுக் கூட்டம். ராஜா துள்ளி எழுந்தான். "பாரும் மந்திரி, மறுபடியும் அரிசிக்கு வந்துவிட்டார்கள்!"

"அரிசிக்குத்தானுங்க வந்தோம், மகாராஜா" என்றாள் முன்னால் நின்றவள், மூட்டையை இறக்கிவைத்து. "என்ன விலைக்கு எடுத்துக்கிறீங்க?"