முதல் கேன்

"ஏழு மனு குடுத்தாச்சுங்க, அம்மிணி. இனி ரோட்டுல பாலைக் கொட்டிப்போடலாமுங்களா?"

கேட்டவர் சென்னியப்பன். அறுபதை நெருங்குகிறவர். பால் கூட்டுறவுச் சங்கத் தலைவி பூவாத்தாளுக்கு நாற்பதுதான். ஆனாலும் சங்க விவகாரத்தில் அவள்தான் தன் குரு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவர்.

கோபம் நியாயமானதுதான். தீவன விலை ஏறிக்கொண்டே போகிறது. பாலுக்கு மட்டும் மூன்று வருஷமாக அதே கொள்முதல் விலை. இப்படியே போனால் வீட்டிலிருக்கும் மூன்று மாட்டில் ஒன்றைச் சந்தைக்கு ஓட்ட வேண்டியதுதான்.

ஏழு மனுவையும் வாங்கிக்கொண்ட பால்வள மந்திரி விலையைத் தவிர எல்லாம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பால் குளிரூட்டும் நிலையம் திறக்க வருகிறார். வீட்டுக்கு ஓர் இலவச கேன், மூடியில் அவர் படம்.

பூவாத்தாள் சென்னியப்பன் கொண்டுவந்திருந்த பால் கேனைக் காட்டினாள்.

"கொட்டுங்ணா."

தூக்கினார். சாய்த்தார். பால் விளிம்பு வரை வந்தது. விடியக்காலையில் அவர் வீட்டம்மா கறந்த பால்.

கேனை நிமிர்த்திவிட்டார்.

"கை வரமாட்டேங்குதுங்க."

"எப்படி வரும்? கொட்டறதுக்கா கறந்தோம்?"

"அப்ப மறுக்கா மனு எழுதோணுமுங்களா?"

"வேண்டாமுங்ணா. வெள்ளிக்கிழமை கன்னுகளை அவுத்து விட்டுருங்க. எல்லாரு ஊட்லயும் சொல்லிப்போடுங்க."

சென்னியப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஊர்க் கன்றுகள் வயிறு முட்டக் குடித்தன. மிச்சத்தைக் கறந்து வீட்டிலேயே உறை ஊற்றினார்கள். சங்கத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை.

பந்தலில் மேளம் முழங்கியது. முதல் கேன் பாலை மந்திரி தொட்டியில் ஊற்றித் தொடங்கிவைக்க வேண்டும். கேமராக்கள் தயாராக நின்றன. வரிசையாக வைத்திருந்த இலவச கேன்களில் ஒன்றை அவர் மூச்சுப் பிடித்துத் தூக்கினார்.

கேன் விசுக்கென்று மேலே வந்தது. காலி. மூடியில் மட்டும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா இது? இந்த ஊர்ல பாலே இல்லையா?"

அதிகாரிகள் பூவாத்தாளைப் பார்த்தார்கள். அவள் சென்னியப்பனைப் பார்த்தாள்.

அவர் எழுந்தார். ஏழு தடவை மனுவோடு குனிந்த முதுகு அன்று நேராக நின்றது. பூவாத்தாளுக்குப் பார்க்கவே அவ்வளவு பெருமையாக இருந்தது.

"வேணுங்கற மட்டும் இருக்குதுங்க."

"அப்புறம் என்ன? கொண்டு வரச் சொல்லுய்யா!"

"இத்தனை நாளா நாங்க கேட்டோமுங்க. இப்ப கேக்கறது நீங்க. வெலையைச் சொல்லுங்க."