பின்னால் வருகிறவருக்குச் சோறு

"என் மகன் செத்தான். நீங்க மட்டும் எப்படிப் பொழச்சீங்க தாயே?"

பாதி மலை ஏறிய பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே கொற்றனார் இதைக் கேட்டார். ஒரு சீடன் குருவிடம் கேட்கிற கேள்வியா என்றால், இல்லைதான். பெற்ற வயிறு எரியும்போது மரியாதையெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கொற்றனார் நாகப்பட்டினத்துக் கற்பூர வியாபாரி. வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு நந்தவதி பௌத்தத் துறவி. கொற்றனாரின் மூத்த மகளைவிட இளையவள்.

கடல் கடந்த இந்தத் தீவில், எரிமலையைச் சுற்றிப் போகிற இதே ஒற்றையடிப் பாதையில்தான் அவருடைய ஒரே மகன் வேட்டன் போய்ச் சேர்ந்தான். சரக்கு எடுக்கப் போனவன் நெருப்பு மழையில் மாட்டிக்கொண்டான். ஓர் எலும்புகூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கு இந்தப் பாதையில் ஏறி உயிரோடு திரும்பியவள் நந்தவதி ஒருத்திதான்.

அதனால்தான் அவளிடம் சீடராகச் சேர்ந்தார். ஞானம் கீனமெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. மகன் செத்த இடத்தை அவள் காட்டுவாள், அங்கே எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடலாம் என்று இருந்தார்.

தினமும் கேட்டார். தினமும் அவள் தெரியாது என்றாள். அது பொய் என்றே மூன்று வருடமாக நம்பிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.

இன்றைய கேள்வி வேறு. நந்தவதி நின்றுவிட்டாள்.

"இதை இன்னிக்குத்தான் கேக்குறீங்க," என்றாள். "வாங்க, ஊத்துக்குப் போய்ச் சொல்றேன்."

பாதை திரும்புகிற இடத்தில் இருந்தது அந்த வெந்நீர் ஊற்று. கந்தக நாற்றம் மூக்கைத் துளைத்தது. தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. கரையில் ஒரு கல்லில் கட்டிய காட்டுக்கொடி தண்ணீருக்குள் போயிருந்தது. கொடியின் நுனியில் ஒரு துணி மூட்டை.

நந்தவதி அதை இழுத்து, ஆறவிட்டு, அவிழ்த்தாள். உள்ளே குழைந்த சோறு. ஒரு பங்கை இலையில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

யார் வைத்தது என்று கேட்டார். தெரியாது என்றாள். இந்த மலையில் நடக்கிறவர்களுக்கு அப்படி ஒரு வழக்கம். காலையில் போனவர் இறக்கிவைத்த சோற்றை மதியம் வருகிறவர் சாப்பிடுவார். சாப்பிட்டவர் தன் அரிசியை அதே துணியில் முடிந்து, தனக்குப் பின்னால் வருகிறவருக்காக இறக்கிவிட்டு நடப்பார். வைத்தவர் முகத்தைத் தின்றவர் பார்ப்பதில்லை.

கொற்றனார் இலையைக் கீழே வைத்தார். முகம் தெரியாதவன் சோறு தனக்கு இறங்காது என்றார். கேட்டதற்கு முதலில் பதில் வரட்டும் என்றார்.

"அதைத்தான் சொல்ல வர்றேன். அன்னிக்கும் இங்க ஒரு மூட்டை கிடந்துச்சு. நல்ல பசி. சட்டுனு தின்னுட்டு நடக்கலாம்னு எடுத்தேன். முடிச்சு அவிழ மாட்டேன்னுடுச்சு."

"அப்புறம்?"

"இழுக்க இழுக்க இறுகுது. எந்தப் புண்ணியவான் போட்ட முடிச்சோன்னு திட்டினேன். பல்லால கடிச்சேன், குச்சியை விட்டு நெம்பினேன். ரொம்ப நேரம் ஆயிருச்சு. கடைசியா அவிழ்த்து ஒரு கவளம் வாயில வெச்சப்போ, மேல மலை வெடிச்சுது." அவள் பாதை ஏறிப்போகிற கணவாய்ப் பக்கம் பார்த்தாள். "ஒழுங்கான முடிச்சா இருந்திருந்தா, அந்நேரம் நான் அங்க நின்னிருப்பேன்."

கொற்றனார் அவிழ்ந்து கிடந்த துணியைப் பார்த்தார்.

"முடிச்சு எப்படி இருந்துச்சு?"

"தலைகீழா. நாம வலமா சுத்துவோம். அது இடமா சுத்தியிருந்துச்சு."

கொற்றனார் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அவன் நொட்டாங்கைக்காரன்," என்றார்.

வேட்டனுக்கு எதற்கும் இடக்கைதான் முதலில் வரும். அந்தக் கையால் சரக்கைக் கட்டினால் வியாபாரம் விளங்காது என்று கொற்றனார் அந்தக் கையைத் தராசுக்கோலால் அடித்திருக்கிறார், ஒரு தடவை இரண்டு தடவை அல்ல. கடைசியாகப் புறப்பட்ட அன்றும், துறைமுகத்தில் நாலு பேர் பார்க்க, அவன் கட்டிய மூட்டையை அவிழ்த்துக் கொட்டி மறுபடி கட்டச் சொன்னார். அவன் வலக்கையால் கட்டினான். கப்பல் ஏறினான்.

யார் போட்ட சோற்றைத் தின்று உயிரோடு இருக்கிறோம் என்று நந்தவதிக்கும் இப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு அழுகை வந்தது. அவள் அதை மறைக்கவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே தாயே."

"அவன் செத்த இடத்தையே கேட்டீங்க பெரியவரே. நான் பொழச்ச இடத்தை நீங்க கேக்கவே இல்ல."

கொற்றனார் இலையை எடுத்தார். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, தன் பையிலிருந்த அரிசியைத் துணியில் கொட்டினார்.

இடக்கையை முன்னால் விட்டு முடியப் பார்த்தார். சோற்றாங்கை முந்திக்கொண்டது. அவிழ்த்தார். மறுபடி போட்டார். மறுபடியும் வலமாகவே சுற்றிக்கொண்டது.

"எனக்கு வர மாட்டேங்குது தாயே," என்றார்.

பொழுது சாய்வதற்குள் அவர்கள் கணவாயைத் தாண்டியாக வேண்டும். நந்தவதி தோள்பையை இறக்கிவைத்துவிட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"வரட்டும்," என்றாள். "இருக்கேன்."